கடைசியில் வந்தவருக்கும் அதே கூலியா?



உங்கள் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. எழுதுகிறவர் மாறுவார், ஊர் மாறும், கேள்வி மட்டும் மாறுவதில்லை.

"சின்ன வயதிலிருந்து கோயிலுக்குப் போகிறேன். காணிக்கை தவறியதில்லை. யாரையும் ஏமாற்றிப் பிழைக்கவில்லை. ஆனாலும் என் வீட்டில்தான் ஒன்று மாற்றி ஒன்று பிரச்சினை. குடித்தே சொத்தை அழித்த ஒருவர் 55 வயதில் மனந்திரும்பினேன் என்று வந்து நிற்கிறார். அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். எல்லாம் தேவ கிருபை என்கிறார்கள். அப்படியானால் தேவ நீதி எங்கே போயிற்று?"

இப்படிக் கேட்பவர்களைப் பொறாமைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. சபையைத் தோளில் தாங்குகிறவர்களே பெரும்பாலும் இவர்கள்தான். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுப்பவர், அசனத்துக்கு வீடு வீடாக அரிசி சேர்ப்பவர், பீடத்துத் துணியைத் துவைத்து இஸ்திரி போட்டு வைப்பவர். உழைத்துக் களைத்தவருக்கு இந்தக் கேள்வி வராமல் வேறு யாருக்கு வரும்?

வேதமும் இந்தக் கேள்வியை வாயடைத்து உட்கார வைக்கவில்லை. யோபு கேட்டார். ஆபகூக் கேட்டார். 73ஆம் சங்கீதத்தில் ஆசாப் இதையேதான் கேட்கிறார்: கெட்டவர்கள் கொழிக்கிறார்களே, நான் சுத்தமாக வாழ்ந்து என்ன கண்டேன்? யோனாவுக்குக் கோபமே வந்துவிட்டது. நினிவே மனந்திரும்பியதும் கடவுள் அதை அழிக்காமல் விட்டார் என்று கோபம். அந்தக் கோபத்தை எளிதாக நினைக்காதீர்கள். நினிவே அசீரியாவின் பெருநகரம். இஸ்ரயேலின் வடநாட்டை விழுங்கிய பேரரசு அது. அடிபட்ட இனத்தின் மகன், அடித்தவனுக்கு மன்னிப்பா என்று கேட்கிறார். கடவுள் அவரைத் தண்டிக்கவில்லை. ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார், அத்தோடு புத்தகமே முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை.

ஆகவே தயங்காமல் கேளுங்கள். இந்த மாதம் நாம் சேர்ந்தே கேட்போம்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோட்டக்காரர் விடிந்ததும் சந்தைவெளிக்குப் போய் ஆள் பிடிக்கிறார். நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம் அது. பிறகு காலை 9 மணிக்கும், உச்சிவேளையிலும், பிற்பகல் 3 மணிக்கும், கடைசியாக 5 மணிக்கும் போய் இன்னும் ஆட்களைக் கூட்டி வருகிறார். பொழுது சாய்ந்ததும் எல்லோருக்கும் ஒரே கூலி. காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்க மாட்டார்களா?

பிரசங்கங்களில் நாம் பெரும்பாலும் அந்த முணுமுணுப்பைப் பற்றியே கேட்கிறோம். எனக்கோ 5 மணிக்கு வந்தவர்களைப் பற்றித்தான் பேசத் தோன்றுகிறது.

ஏன் பகலெல்லாம் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்டபோது, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். சோம்பேறிகள் என்று கதை எங்கும் சொல்லவில்லை. வேலைக்காக நின்றுகொண்டே இருந்தவர்கள் அவர்கள்.

நம் ஊர்களில் காலை 6, 7 மணிக்கு நாலு ரோடு சந்திப்புகளில் கட்டட வேலைக்கு ஆட்கள் கூடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கையில் தூக்குச் சட்டி, பையில் வேலைக்குப் போடும் பழைய சட்டை. மேஸ்திரி பைக்கில் வந்து நிற்பார். யாரை முதலில் கூப்பிடுவார்? திடமாக இருக்கும் இளைஞரை. அடுத்து, ஏற்கெனவே பழக்கமான கொத்தனாரை. 10 மணிக்கு அந்த வழியாகப் போய்ப் பாருங்கள். வயதானவர் ஒருவர் நிற்பார். போன வாரம் காய்ச்சலில் படுத்து எழுந்தவர் நிற்பார். கைக்குழந்தையை விட்டுவிட்டு வர இடமில்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டே வந்த சித்தாள் பெண் நிற்பார். அவர்களும் உழைக்கத்தான் வந்தார்கள்.

அப்படி நின்றவர் மாலையில் ஒரு மணி நேரக் கூலியோடு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? 12இல் ஒரு பங்கு. அதை வைத்து அன்றைக்கு உலை வைக்க முடியாது. பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூலியாளின் சம்பளத்தைப் பொழுது இறங்குமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுவதும் இந்த வீடுகளை நினைத்துத்தான். தோட்டக்காரர் எத்தனை மணி நேரம் என்று எண்ணவில்லை. அந்த வீட்டில் இன்று ராத்திரி சாப்பாடு உண்டா என்று பார்த்தார்.

சரி, காலையில் வந்தவருக்கு என்ன நஷ்டம்? பேசிய கூலி முழுசாகக் கைக்கு வந்துவிட்டது. அதில் ஒரு காசுகூடக் குறையவில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். காலை 6 மணிக்கே அவருக்கு மனசு நிம்மதியாகிவிட்டது. வெயிலில் குனிந்து வேலை செய்தாலும் இன்று வீட்டில் சோறு உண்டு என்று தெரிந்தே செய்தார். 5 மணிக்கு வந்தவரோ 11 மணி நேரம் அந்தத் தவிப்பிலேயே நின்றார். எது பெரிய பாரம்?

55 வயதில் மனந்திரும்பியவரைப் பார்த்து நியாயமா என்று கேட்கிறோம். அவர் குடித்துத் தொலைத்த 30 வருடங்களுக்கு நாம் பொறாமைப்படுவோமா? அந்த 30 வருடங்களும் அவர் மனைவி எப்படி வாழ்ந்தார் என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரைச் சொல்லக் கூசிய பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். சின்ன வயதிலிருந்தே ஆண்டவருக்குள் வாழ்ந்ததை நாம் இழப்புக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். அது காலை 6 மணிக்கே கிடைத்த கிருபை என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கதையில் வெகுநாள் என்னை உறுத்திய இடம் ஒன்று உண்டு. தோட்டக்காரர் தன் கணக்குப்பிள்ளையிடம், கடைசியில் வந்தவர்களிலிருந்து கூலி கொடுக்க ஆரம்பி என்கிறார். ஏன் அப்படி? காலையில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் அவர்கள் சந்தோஷமாக வீடு போயிருப்பார்கள். சண்டையே இல்லை. நம் வீடுகளில் அப்படித்தானே செய்கிறோம்? சின்னவனுக்குக் கொடுத்தது பெரியவளுக்குத் தெரியக் கூடாது, மருமகளுக்குத் தெரியக் கூடாது. இந்தத் தோட்டக்காரர் ஒளித்துக் கொடுக்கவில்லை. எல்லோர் கண்ணும் பார்க்கக் கொடுத்தார். தான் காட்டும் இரக்கத்தை மூத்தவர்களும் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்பினார்.

இதை இயேசு யாரிடம் சொன்னார் என்பதையும் கவனியுங்கள். முந்தின அதிகாரத்தின் முடிவில் பேதுரு கேட்கிறார்: எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்? அதற்கு வந்த பதிலின் தொடர்ச்சிதான் இந்தக் கதை. முதலிலிருந்து கூடவே நடந்தவர்களுக்குச் சொன்னது. அவர்கள் புரிந்துகொண்டார்களா? அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி, செபெதேயுவின் பிள்ளைகளுடைய அம்மா வந்து நிற்கிறார். என் மகன்கள் இருவருக்கும் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இடம் கேட்கிறார். மற்ற 10 பேருக்கும் கோபம். ஒரு தாயின் ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கிருபையைப் பற்றிக் கேட்ட கதை, வீட்டுப் பிள்ளை என்று வந்ததும் நமக்கு மறந்துவிடுகிறது பாருங்கள்.

இந்த இடத்தில் மூத்த குமாரனைப் பற்றிப் பேசாமல் முடியாது. லூக்கா 15இல் ஊதாரிப் பிள்ளை திரும்பி வந்ததும் கொழுத்த கன்றை அடித்து விருந்து. வயலிலிருந்து வந்த மூத்தவன் பாட்டுச் சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். நாம் அவனை வில்லனாக்கிவிட்டோம். அவன் பக்கத்திலும் கணக்கு இருக்கிறது. உபாகமம் 21இன்படி மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. இரண்டே பிள்ளைகள் என்றால் மூன்றில் இரண்டு பாகம் அவனுடையது. இளையவன் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டான். வீட்டில் மிச்சமிருப்பது இனி மூத்தவனுக்கு வர வேண்டியதுதான். அப்படியானால் அந்தக் கன்று யாருடையது? அவனுக்கு வலித்ததில் என்ன ஆச்சரியம்?

அதைத்தான் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். ஒருவருக்குக் கிருபை கிடைக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் சில சமயம் செலவு இருக்கிறது. அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட மகளுக்குத் தெரியும். வருடக்கணக்காக எட்டிப் பார்க்காத தம்பி கடைசி வாரம் வந்து அழுததும் அம்மாவின் முகம் மலர்ந்ததே, அது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, குத்தவும் செய்தது.

கதையில் அப்பா என்ன செய்தார்? இளையவனைத் தேடி ஓடியவர், மூத்தவனைத் தேடியும் வெளியே வந்தார். அவனைத் திட்டவில்லை. நீ எப்போதும் என்னோடு இருக்கிறாய், என்னிடம் உள்ளதெல்லாம் உன்னுடையது என்கிற பொருளில் பேசி, உள்ளே வரச் சொல்லிக் கெஞ்சினார். நம் வீட்டுப் பெரியவர்கள் இதை எத்தனை பேர் செய்கிறோம்? கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளையிடம், நீ செய்வது எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்கிறோமா? போதகர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவரை மேடையில் நிறுத்தும் அன்றைக்கே, 20 வருடமாக மணி அடிக்கும் பெரியவரின் பெயரையும் சொல்லுங்கள்.

இனி நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டிய பகுதி.

கிருபை கிடைத்துவிட்டது, எனவே பழைய கணக்கெல்லாம் தள்ளுபடி என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். தங்கையின் பங்கை எழுதி வாங்கிக்கொண்டவர், "ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார்" என்கிறார். ஆண்டவர் மன்னித்தது சரி. தங்கையின் பங்கு எங்கே?

சகேயுவைப் பாருங்கள். எரிகோவில் வரி வசூலித்துப் பணக்காரனானவர். இயேசு அவர் வீட்டுக்குப் போனார், அதற்கு எந்த நிபந்தனையும் போடவில்லை. ஆனால் சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். தானாக ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுப்பவர் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பதுதான் லேவியராகமச் சட்டம். அவர் அதோடு நிற்கவில்லை. எரிகோவில் அன்று எத்தனை வீடுகளில் பணம் திரும்பி வந்திருக்கும்! அந்த வீட்டுக்காரர்களுக்கு சகேயுவின் இரட்சிப்பு வெறும் செய்தியாகப் போகவில்லை, கையில் காசாகப் போய்ச் சேர்ந்தது.

ஜெர்மன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1937இல் வெளியான தன் புத்தகத்தில், மலிவான கிருபைதான் திருச்சபையின் பெரிய எதிரி என்று எச்சரித்தார். மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பையே அவர் அப்படிச் சொன்னார். ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஜான் நியூட்டனின் வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதியவர். 1748இல் கடல் புயலில் சிக்கியபோது கடவுளிடம் திரும்பியவர் என்று நாம் சாட்சியாகச் சொல்கிறோம். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்கு கேப்டனாகவே ஆனார் என்பதைப் பலர் சொல்வதில்லை. உடல்நலம் கெட்டதால் 1754இல் கடல் பயணத்தை விட்டார். பிறகு போதகரானார். அந்தப் பாடலை 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதினார். அடிமை வியாபாரத்தில் தான் செய்ததையும் பார்த்ததையும் வெளிப்படையாக எழுதி வெளியிட்டது 1788இல். புயலிலிருந்து எண்ணினால் 40 வருடம். பிறகு பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்குத் துணை நின்றார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் சட்டம் 1807இல் நிறைவேறியது. அதே வருடக் கடைசியில் நியூட்டன் காலமானார்.

அந்தக் கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்தவர்களுக்கு நியூட்டனின் மனமாற்றம் என்ன செய்தது? அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. கிருபை அவரை உடனே ஏற்றுக்கொண்டது உண்மை. அவர் அடிமைகளுக்காக வாய் திறக்க 40 வருடம் ஆனதும் உண்மை. அந்தப் பாட்டை நாம் பாடும்போது இரண்டையும் நினைத்துக்கொண்டு பாட வேண்டும்.

நம் வீடுகளில் இது மிக மோசமாகத் திரிவது ஒரு விஷயத்தில். அடிவாங்கி அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணிடம், "மன்னித்துவிட்டுப் போம்மா, ஆண்டவர் எழுபது தரம் ஏழு தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறாரே" என்று பெரியவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மன்னிப்பது என்பது திரும்பப் போய் அடிவாங்குவது கிடையாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. புகார் கொடுக்கும் பெண் விசுவாசத்தில் குறைந்தவள் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. அடித்தவருக்கும் கிருபை உண்டு. ஆனால் அதை அவர் கேட்க வேண்டியது மனைவிக்குத் தெரியாமல் குருவிடம் அல்ல, முதலில் மனைவியிடம்.

மன்னிப்பும் சட்டமும் சேர்ந்தே போக முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சிகள் உண்டு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் 10 வயது பிலிப்பும் 6 வயது திமோத்தியும் வண்டிக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று கிரஹாமின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் சொன்னார். பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியை உடனே விட்டுப் போகவில்லை. சட்டம் அதன் வழியில் போயிற்று. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மன்னித்தார் என்பதற்காக நீதிமன்றத்தின் கதவை யாரும் மூடவில்லை.

இன்னொருவர், கேரளத்துப் பெண், சகோதரி ராணி மரியா. மத்தியப் பிரதேசத்தின் உதயநகர் பகுதியில் பழங்குடி மக்கள் கந்துவட்டியில் சிக்காமல் இருக்க அவர்களைக் குழுக்களாகச் சேர்த்தவர். வட்டிக்கு விட்டவர்களுக்கு அது பிடிக்குமா? 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில், பயணிகள் பார்க்க, சமுந்தர் சிங் என்ற இளைஞர் அவரைக் குத்திக் கொன்றார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

ராணி மரியாவின் சொந்தத் தங்கை செல்மி பால். அவரும் கன்னியாஸ்திரி. 2002இல் ரக்ஷாபந்தன் சமயத்தில் சிறைக்குப் போய், அக்காவைக் கொன்றவரின் கையில் ராக்கி கட்டினார். 2006இல் சமுந்தர் சிங் விடுதலையானார், அதற்கு ராணி மரியாவின் குடும்பமும் துணை நின்றது. 2017 நவம்பரில் இந்தூரில் ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

செல்மி பாலைக் கட்டாயப்படுத்தி அனுப்பியவர்கள் யாரும் இல்லை. கொலை நடந்து ஏழு வருடம் கழித்துப் போனார். கொன்றவரும் அதுவரை சிறையில்தான் இருந்தார். இந்த இரண்டையும் விட்டுவிட்டு ராக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு, உடனே மன்னி, இப்போதே மன்னி என்று இழப்பில் இருக்கும் குடும்பத்தை நெருக்கக் கூடாது. அவர்களுடைய நேரத்தை அவர்களுக்கு விடுங்கள்.

கேள்வியின் இன்னொரு பாதி மிச்சம் இருக்கிறது. கெட்டவருக்கு நன்மை ஏன் என்பது ஒன்று. நல்லவருக்குத் துன்பம் ஏன் என்பது அதைவிடக் கடினம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலரைச் சுனாமி கொண்டுபோயிற்று. பேராலயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அற்புதம் என்று அப்போது நிறையப் பேர் சாட்சி சொன்னோம். கடற்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பிய அம்மாவின் காதில் அந்தச் சாட்சி எப்படி விழுந்திருக்கும்? நேர்ந்துகொண்டு மாதாவைப் பார்க்கத்தானே அவரும் வந்தார்?

லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தியை இயேசுவே எடுத்துப் பேசுகிறார். செத்தவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லை என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறார். ஏன் விழுந்தது என்று விளக்கம் சொல்லவில்லை. அவரே விளக்காததை நாம் ஏன் துக்க வீட்டில் போய் விளக்குகிறோம்? "என்ன சோதனையோ", "எந்தப் பாவமோ" என்ற பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவோம். காபித் தண்ணி வைத்துக் கொடுப்பதும், சாவுச் சான்றிதழுக்கு அலையக் கூடப்போவதும் பெரிய உதவி. கிருபையைப் பற்றிப் பேச அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கிருபையா, நம் முயற்சியா என்ற விவாதம் சபைக்குப் புதிதல்ல. 5ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீனும் பெலேஜியஸும் மோதிக்கொண்டார்கள். 1517இல் லூத்தர் தொடங்கிய விவாதம் ஐரோப்பாவையே பிளந்தது. கடைசியில் 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டன. மீட்பு கிருபையினால் கிடைக்கிறது, நற்செயல்கள் அதன் கனியாக வருகின்றன என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போயின. மெதடிஸ்டுகள் 2006இலும், சீர்திருத்தச் சபைகள் 2017இலும் இணைந்துகொண்டன. ஆர்.சி. மாப்பிள்ளைக்கும் சி.எஸ்.ஐ. பெண்ணுக்கும் கல்யாணம் என்றால் இன்றும் முகம் சுளிக்கும் வீடுகளுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

அதைவிட எனக்கு வேதனை தருவது நம் மண்ணின் இன்னொரு விஷயம். எல்லோருக்கும் ஒரே கூலி என்ற கதையைப் படித்துவிட்டு, திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிக்க மறுத்தவர்கள் நம் முன்னோர். சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்திய மிஷனரிகளுக்கு எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதை ஏற்காமல் சபையைவிட்டே வெளியேறினார்கள். இப்போது 200 வருடம் ஆகப்போகிறது. கல்லறைத் தோட்டத்தில் தனித்தனி இடம் வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் உண்டு. தேர் எந்தத் தெரு வழியாக வரலாம் என்ற சண்டை இன்னும் உண்டு. தேவ நீதி எங்கே என்று ஆண்டவரைக் கேட்கிறோம். இந்தக் கேள்வியை அவர் நம்மிடம் கேட்டால் என்ன சொல்வோம்?

எனவே என் அருமை வாசகர்களே, உங்களிடம் சில காரியங்கள் கேட்கிறேன்.

உழைத்துக் களைத்து மனம் கசந்திருப்பவர்களே, அந்தக் கசப்பை ஆண்டவரிடமே சொல்லுங்கள். பக்தியில்லாத ஜெபம் என்று பயப்பட வேண்டாம். ஆசாப் சொன்னார், யோனா சொன்னார். பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரிடம் சொன்னால் அது புறணியாகிவிடும்.

கடைசியில் வந்தவர்களே, சங்கடப்பட்டுப் பின்வரிசையில் உட்காராதீர்கள். ஆனால் நீங்கள் காயப்படுத்தியவர்களின் பட்டியல் ஒன்றை எழுதிப் பாருங்கள். திருப்பித் தர முடிந்த பணத்தைத் திருப்பித் தாருங்கள். மேடைச் சாட்சி அதற்கு அப்புறம் இருக்கட்டும்.

பெஞ்சில் ஏற்கெனவே இடம் பிடித்திருப்பவர்களே, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

கல்லறைத் தோட்டத்துச் சுவரும் தேர் போகும் தெருவும் உங்கள் ஊரில் இன்னும் பிரச்சினையாக இருந்தால், அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். நீங்கள் கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் பெயரை வெளியிட மாட்டோம், கடிதத்தை வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்